மறுத்ததற்கு ரசீது

தேவிபட்டினம் புயல் பாதுகாப்பு மையத்தில் விசாரணை.
பத்து மணி என்றார்கள்.
பதினொன்றே காலுக்கு மின்விசிறி சுற்றியது,
அப்புறம் அதிகாரி வந்தார்.
நான் மூன்றாம் மேசை, கூட்டக் குறிப்பு தட்டச்சு.
வாய்க்கு வந்ததை அவர்கள் சொல்வார்கள்,
வரிக்கு வேண்டியதை நான் எடுப்பேன்.

முனியராக்கு, உப்பனேந்தல், கீழத்தெரு.
ஒன்றரை ஏக்கர், குண்டு மிளகாய்.
"நாலு வருசமாப் போறேன் சொசைட்டிக்கு.
நான் படியேறுனா பாரம் தீந்துபோகுது.
எனக்குப் பின்னால வந்த மேலத்தெரு ஆளு
கையெழுத்துப் போட்டுட்டுப் போறாரு.
அவருக்கு மட்டும் எங்கருந்து முளைக்குது?"

நான் அடித்தேன்:
மனுதாரர் படிவப் பற்றாக்குறை குறித்துத் தெரிவித்தார்.

அதிகாரி நல்லவர்தான். குரல் உயர்த்தவில்லை.
"மறுத்தாங்கன்னு சொல்றீங்க, சரி.
மறுத்ததுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?"
அவள் மஞ்சள் பைக்குள் கைவிட்டாள்.
ரேஷன் அட்டை. அடங்கல் நகல்.
அடகுக் கடைச் சீட்டு, நூற்றுக்கு மூன்று வட்டி.
பூச்சிமருந்துக் கடை பில்.
கடைசியில் ஒரு காய்ந்த மிளகாய்,
விதைக்கு வைத்ததோ, தவறி விழுந்ததோ.
மறுத்ததற்கு ரசீது கிழித்துத் தரும் அலுவலகம்
இந்தக் கரையில் நானறிய இல்லை.

சங்கச் செயலாளர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.
"ஐயா, எங்க பாரத்துல சாதிக்குன்னு கட்டமே கிடையாது.
கட்டமே இல்லாம பாகுபாடு எப்படிங்க வரும்?"
சிலர் தலையாட்டினார்கள்.
ஒரு நொடி நானும்.
ஊர் பெயர் சொன்னதும் "எந்தப் பக்கம்?" என்று
கேட்கத் தெரிந்தவருக்குக் கட்டம் எதற்கு?

நம்புவேலுக்கு ஆத்திரம் வேறு:
"மொத்தமா ஒரே மனு செல்லாதாம்.
அறுபத்தொரு பேரும் தனித்தனியா நிரூபிக்கணுமாம்.
வெளிய நிறுத்துறப்ப
தனித்தனியாவா நிறுத்துனீங்க?"

"அறுபத்தொண்ணு ஏது?"
இது சவரியம்மாள். அதே தெரு, அதே வரிசை.
"உழுதது நாப்பத்து மூணு பேர்.
மத்தவங்க, நிவாரணம்னு காதுல விழுந்த பெறகு உழுதவங்க.
அந்தப் பதினெட்டைக் காட்டியே
எங்க எல்லாரையும் பொய்யாக்கிருவாங்க."

கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன்:
"உழ விடாமத் தொரத்துனதுக்குக் கணக்கு இல்லையாக்கா?
கடன் கெடைக்காம, கிணத்துல கடத்தண்ணி ஏறி,
எங்கப்பா எறால் பண்ணைக்கு நெலத்தைக் குடுத்துட்டு
திருப்பூர் போனாரே,
அவரு அந்த நாப்பத்து மூணுல சேத்தியா,
பதினெட்டுல சேத்தியா?"

சவரியம்மாள் உட்கார்ந்துவிட்டாள்.
அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார்.
என் விரல்கள் எழுத்துகளின் மேல் சும்மா கிடந்தன.

எனக்கும் ஒரு தெரு உண்டு.
இந்த வேலைக்கு வந்ததிலிருந்து
வீடு எங்கே என்றால் பஸ் நிறுத்தத்தின் பெயர்தான் சொல்கிறேன்.

மதியம் கையெழுத்துக்கு வரிசை.
முனியராக்குவுக்கு அவள் வரியைப் படித்துக் காட்டினேன்.
"படிவப் பற்றாக்குறைன்னா?"
"பாரம் தீந்துபோச்சுன்னு."
அவள் கையெழுத்துப் போடவில்லை.
"தீந்துபோச்சுன்னு நான் எப்பச் சொன்னேன், தாயீ?
தீந்துபோச்சுன்னு அவங்க சொன்னாங்கன்னுல்ல சொன்னேன்."

பின்னால் முப்பது பேர் நிற்கிறார்கள்.
மூன்று பத்துக்கு அவர்களுக்கு பஸ், அதைவிட்டால் ஆறரைக்குத்தான்.
செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்,
பிறகு என்னைப் பார்க்கிறார்,
"எந்தப் பக்கம்மா நீங்க?" என்கிறார், சிரித்தபடி.

வாக்கியத்தை அழித்துவிட்டு
முதலிலிருந்து அடிக்கிறேன்.
'என்று' என்ற சொல்லை
எங்கே வைப்பது என்று
இன்னும் பிடிபடவில்லை.